கப்பல் கேபினில் சார்ஜ் போடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவு கப்பல் பயணத்துக்குத் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு போய்வந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஒரு கேபினில், அப்பாவும் அம்மாவும் பக்கத்துக் கேபினில். வந்ததிலிருந்து அடுத்துப் போகிற சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் ஃபோன் செய்து கேட்கும் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான்: இத்தனை சாமானுக்கும் அந்தச் சின்ன அறையில் எப்படிச் சார்ஜ் போட்டீர்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேபினில் எத்தனை ப்ளக் பாயிண்ட் இருக்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கண்ணாடி மாட்டிய ஒரு மேசை இருக்கும், அதன் மேல் இரண்டு அல்லது மூன்று சாக்கெட், பெரும்பாலான கேபின்களில் அவ்வளவுதான். கட்டில் பக்கத்தில் இருக்குமா என்பது கப்பலின் வயதைப் பொறுத்தது. கடந்த சில வருடங்களில் கட்டிய கப்பல்களில் தலைமாட்டில் யுஎஸ்பி துளைகள் இருக்கின்றன, சிலவற்றில் சி வகையும் உண்டு. பழைய கப்பல் என்றால் தலைமாட்டில் வெறும் விளக்கு மட்டும்தான்.

எங்கள் கேபினில் முதல் நாள் மாலை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்து எண்ணினோம். மூன்று ஃபோன், சின்னவனின் டேப்லெட், என் அலுவலக லேப்டாப், இரண்டு வாட்ச், ஒரு கேமரா, காதில் மாட்டும் இயர்பட்ஸ், ஒரு பவர் பேங்க், மொத்தம் பத்து உருப்படி. மேசையில் இருந்ததோ அமெரிக்க வகைச் சாக்கெட் ஒன்று, ஐரோப்பிய வகை ஒன்று. தலைமாட்டில் இரண்டு யுஎஸ்பி துளை.

கண்ணில் படாத சாக்கெட்டும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், ஹேர் டிரையர் வைத்திருக்கும் இழுப்பறைக்குள், சோஃபாவுக்குப் பின்னால் என்று பல கப்பல்களில் ஒளிந்திருக்கும். கேபினைச் சுத்தம் செய்ய வருகிற பணியாளரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார். அங்கே ஏற்கெனவே மாட்டியிருக்கிற ஃப்ரிட்ஜ் ப்ளக்கையோ டிவி ப்ளக்கையோ மட்டும் பிடுங்காதீர்கள்.

நம் ஊர் ப்ளக் அதில் சேருமா?

இரண்டு பின் சேரும், மூன்று பின் சேராது. ஃபோன் சார்ஜர்களில் இருக்கும் உருண்டையான இரண்டு பின் ஐரோப்பிய சாக்கெட்டில் அப்படியே போகும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சாக்கெட் சுவரோடு மட்டமாக இருக்காது, ஒரு சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். சார்ஜரின் உடம்பு அகலமாக இருந்தால் கிண்ணத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு பின் முழுசாக உள்ளே போகாது. பாதி சொருகி நிற்கிற ப்ளக் கப்பல் ஆடும்போது தானே கழன்று விழும், அல்லது தொட்டும் தொடாமலும் இருந்து சூடாகும். என் லேப்டாப் சார்ஜருக்கு இதுதான் நடந்தது, ராத்திரி மாட்டிவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் சார்ஜ் ஏறவே இல்லை.

அமெரிக்க வகைக்குத் தட்டையான இரண்டு பின் வேண்டும், அதற்கு ஒரு அடாப்டர் கட்டாயம். சிங்கப்பூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே கரையில் புழங்குவது பிரிட்டன் வகை, செவ்வகமான மூன்று பின். ஹோட்டலில் அது வேண்டும், கப்பலில் பெரும்பாலும் அது உதவாது. நான்கு வகைக்கும் பொருந்துகிற யுனிவர்சல் அடாப்டர் இரண்டு வாங்கி வைத்தால் ஹோட்டல், கப்பல் இரண்டுக்கும் ஆகும். மறந்துவிட்டால் லிட்டில் இந்தியாவில் முஸ்தபாவில் கிடைக்கும்.

அமெரிக்க வகைச் சாக்கெட்டில் 110 வோல்ட் என்கிறார்களே, நம் சார்ஜர் எரிந்துவிடாதா?

எரியாது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்ற பொருளில் இருக்கும். இன்றைக்கு வருகிற ஃபோன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் எல்லாமே அப்படித்தான். கப்பலின் மின்சாரம் பொதுவாக 60 ஹெர்ட்ஸ், நம் வீட்டில் 50. சார்ஜருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சூடு பண்ணுகிற சாமான்கள்தான் பிரச்சினை. 220-240 மட்டும் என்று எழுதிய ஹேர் டிரையரை 110இல் போட்டால் மூச்சு வாங்கும். அமெரிக்காவில் வாங்கிய 110 மட்டும் ஏற்கிற சாமானை 220இல் போட்டால் போயே போய்விடும். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஹேர் டிரையர் பெரும்பாலும் கேபினிலேயே இருக்கும், அதனால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்பைக் பஸ்டரை ஏன் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள்? பாதுகாப்புக்காகத்தானே அதை வாங்குகிறோம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு நடந்ததே இதுதான். ஏறும்போது பெட்டிகளை எக்ஸ்ரேயில் விடுகிறார்கள் இல்லையா, அதில் அப்பாவின் பெட்டி தனியாக ஒதுக்கப்பட்டது. உள்ளே அவர் பத்து வருடமாக வைத்திருக்கும் ஆறு பாயிண்ட் ஸ்பைக் பஸ்டர், சிவப்பு விளக்கு எரிகிற சுவிட்ச் வைத்தது. பணியாளர் அதைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படித்தார், எடுத்து ஒரு பையில் போட்டார், எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்தார். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ரொம்பவே வருத்தம், "பாதுகாப்பான சாமானைப் போய்த் தடுக்கிறார்களே" என்று. அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து பேசிப் பேசி, படித்துப் படித்துத்தான் காரணம் பிடிபட்டது. பிடிபட்டதும் அவரே "சரி, அவர்கள் செய்தது சரிதான்" என்றார்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரலைத் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அதனால் ஃபேஸில் மட்டும்தான் ஆபத்தான வோல்ட் இருக்கிறது. சுவிட்ச், எம்சிபி எல்லாம் ஃபேஸை வெட்டினால் போதும் என்ற கணக்கில் செய்தவை.

பல கப்பல்களில் அப்படி இல்லை. அங்கே இரண்டு கம்பியுமே கப்பலின் இரும்பு உடம்போடு சேர்க்கப்படாமல் தனித்து நிற்கும். 120 வோல்ட் இணைப்பு என்றால் இரும்பிலிருந்து பார்க்க இரண்டு கம்பியிலும் சுமார் 60, 60 இருக்கும். ஏன் இப்படி? எங்கேயோ ஒரு கம்பி நைந்து இரும்பில் பட்டால் நம் வீட்டில் உடனே டிரிப் ஆகிவிடும், விளக்கு அணைந்து போகும். நடுக்கடலில் சுக்கானுக்கும் வழிகாட்டும் கருவிக்கும் போகிற மின்சாரம் அப்படிப் போய்விட்டால் என்ன கதி? தனித்து நிற்கிற அமைப்பில் ஒரு இடத்தில் கசிந்தாலும் மின்சாரம் நிற்காது, கட்டுப்பாட்டுப் பலகையில் எச்சரிக்கை மட்டும் வரும், கப்பலின் எலக்ட்ரீஷியன் இடத்தைத் தேடிப்போய்ச் சரி செய்வார்.

இப்போது ஸ்பைக் பஸ்டருக்கு வருவோம். அதைத் திறந்தால் உள்ளே மாத்திரை போல வட்டமாக, பெரும்பாலும் நீல நிறத்தில் சின்னச் சின்ன உருப்படிகள் இருக்கும். வாரிஸ்டர் என்று பெயர். வோல்ட் அளவுக்கு மீறினால் அதை எர்த் பக்கம் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. வீட்டில் அது நல்ல காவல்காரன். கப்பலில் எங்கோ ஒரு கம்பி இரும்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள், இன்னொரு கம்பியில் இரும்புக்கு எதிராக முழு வோல்ட்டும் ஏறி நிற்கும். வாரிஸ்டர் அந்த இரும்புக்கும் கம்பிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியாகக் கசிந்து, சூடாகி, கடைசியில் பிளாஸ்டிக் பெட்டி தீப்பிடிக்கும் நிலை வரும். சரி, சுவிட்சை அணைத்துவிட்டேனே என்றால் அதுவும் உதவாது, அந்தச் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் வெட்டும், இன்னொரு கம்பி உயிரோடுதான் இருக்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஒரு சரக்குக் கப்பலில் ஊழியர்கள் மாட்டிய இப்படிப்பட்ட பெட்டிகளால் இரண்டு அறைகளில் தனித்தனியே தீப்பிடித்தது. அதை வைத்து அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது.

அதனால் பெட்டியின் பின்னால் "சர்ஜ்", "ஸ்பைக்", "ஜூல்" என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் தப்பிவிட்டாலும் மாட்டாதீர்கள். உங்களுக்குக் கீழே எத்தனை அடுக்கில் எத்தனை குடும்பம் தூங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சர்ஜ் தடுப்பு, அதாவது அந்த வாரிஸ்டர், இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகலாமா?

கப்பலுக்குக் கப்பல் மாறும். ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் 2024 செப்டம்பரில் பல ப்ளக் சொருகும் பெட்டிகளையே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது, சர்ஜ் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. வெறும் யுஎஸ்பி துளை மட்டும் உள்ளது பரவாயில்லை. வேறு சில நிறுவனங்கள் சர்ஜ் இல்லாததை அனுமதிக்கின்றன. விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள், போன வருடம் போய்வந்த மாமா சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம். டிக்கெட் போட்ட பிறகு அந்த நிறுவனத்தின் "தடைசெய்யப்பட்ட பொருட்கள்" பக்கத்தை ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தின வாரம் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், அனுமதி இருந்தாலும் தேவையில்லை என்பேன். காரணம் அடுத்த பதிலில்.

அப்படியென்றால் என்னதான் எடுத்துப் போவது?

நான்கு துளை உள்ள ஒரே ஒரு நல்ல யுஎஸ்பி சார்ஜர். 65 வாட் போதும், லேப்டாப் இருந்தால் 100 வாட். காலியம் நைட்ரைடு வகையாகப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர்கள் "கேன் சார்ஜர்" என்பார்கள், பழைய வகையைவிடச் சின்னது. நேரடியாகச் சுவரில் சொருகுவதைவிட, ஒன்றரை மீட்டர் ஒயர் வைத்து மேசை மேல் உட்கார்கிற வகை இன்னும் நல்லது. சுவரில் தொங்கும் கனமான சார்ஜர் கப்பல் ஆட்டத்தில் தளர்ந்துவிடும், அதோடு பக்கத்துச் சாக்கெட்டையும் மறைத்துவிடும்.

இதற்கு ஏன் தடை இல்லை என்றால், உள்ளே வருகிற மின்சாரத்தை 5 முதல் 20 வோல்ட்டாகக் குறைத்துத்தான் வெளியே விடுகிறது. அதில் யாரும் இஸ்திரிப் பெட்டியை மாட்ட முடியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டலாம், கப்பல்காரர்களின் பயம் அதுதான்.

கேபிள் விஷயத்தில் ஒரு முக்கியமான குறிப்பு. இப்போது ஃபோன் பெட்டியில் வருவது இரண்டு முனையும் சி வகை. பல கப்பல்களில் தலைமாட்டில் இருப்பதோ பழைய, தட்டையான ஏ வகைத் துளை. ஏ-யிலிருந்து சி-க்குப் போகிற பழைய கேபிள் இரண்டைத் தேடி எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் பழைய கேபிள்களைத் தூக்கிப்போடும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை, அந்த மூன்று நாளும் அவர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தவைதான் கைகொடுத்தன. நீளம் இரண்டு மீட்டர் இருக்கட்டும், மேசையிலிருந்து கட்டில்வரை எட்டும்.

ஒரே சார்ஜரில் எல்லாம் போட்டால் சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5000 எம்ஏஎச் ஃபோன் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி நேரம் அடங்கும். நான்கு ஃபோன் என்றால் 76. சூடாக வீணாகிறதையும் சேர்த்து, 65 வாட் சார்ஜர் நான்கையும் காலியிலிருந்து நிரப்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம். நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்வரும் நேரம் அது.

தலைமாட்டு யுஎஸ்பி துளை 5 முதல் 10 வாட்தான் தரும். அதே ஃபோனுக்கு அதில் இரண்டரையிலிருந்து நாலரை மணி நேரம் பிடிக்கும். தூங்குகிற நேரத்துக்கு அது தாராளம். வாட்ச், இயர்பட்ஸ் இரண்டையும் அங்கேயே போட்டுவிடுங்கள், அவற்றுக்கு 5 வாட்டே அதிகம். பெரிய சார்ஜரின் துளையை அதற்கு வீணாக்காதீர்கள்.

இன்னொன்று, சார்ஜரின் 65 வாட் மொத்தக் கணக்கு. ஒரு துளையில் லேப்டாப் மட்டும் இருக்கும்வரை அதற்கு முழுசும் போகும், பக்கத்தில் ஒரு ஃபோனைச் சொருகியதும் 45, 20 என்று பிரித்துக்கொள்ளும். பிரிக்கும் அந்த நொடியில் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கும், எல்லா ஃபோனும் ஒன்றாக "டிங்" என்று சத்தம் போடும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அதுதான்.

எந்த வரிசையில் போடுவது நல்லது?

கப்பலில் நாள் போகிற விதத்தைப் பாருங்கள். காலையில் எல்லோரும் வெளியே போய்விடுவோம், மதியம் கொஞ்சம் படுப்போம், ஏழு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் நிகழ்ச்சி. சாப்பாட்டு நேரத்தில் ஃபோன்கள், ராத்திரி கேமராவும் டேப்லெட்டும், மதியத் தூக்கத்தில் பவர் பேங்க் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். பெரியவள் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள், அதற்குப் பிறகு சண்டையே இல்லை.

கதவருகே இருக்கும் கார்டை எடுத்தால் சார்ஜ் நின்றுவிடுகிறதே?

சில கப்பல்களில் ஹோட்டல் போல, கதவு பக்கத்துச் செருகலில் கார்டு இருந்தால்தான் கேபினில் மின்சாரம். கார்டை எடுத்ததும் விளக்கு போகும், சிலவற்றில் மேசைச் சாக்கெட்டும் போகும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஃபோன் போட்ட இடத்திலேயே நிற்கும். போனவுடனே சோதித்துப் பாருங்கள்: ஒரு ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கார்டை எடுங்கள், ஓரிரு நிமிடம் காத்திருங்கள். நின்றுவிட்டால் வேறு சாக்கெட்டில் பாருங்கள், ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்துச் சாக்கெட் பெரும்பாலும் அணையாது. பல இடங்களில் எந்தக் கெட்டியான அட்டையைச் செருகினாலும் வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் சார்ஜ் தேவைப்படும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள், நாள் முழுக்க ஆளில்லாத அறையில் ஏசியும் விளக்கும் ஓட விடாதீர்கள்.

பாத்ரூமில் ஒரு சாக்கெட் இருக்கிறதே, அதில் போடலாமா?

வேண்டாம். அது ஷேவருக்கு மட்டும், பக்கத்தில் படம் போட்டிருக்கும். மிகக் குறைந்த சக்திக்கு என்று உள்ளே தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது, ஃபோன் சார்ஜரைத் தாங்காது. ஈரம் வேறு.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாட்டும் சிபாப் மெஷின் இருக்கிறது. கட்டில் பக்கத்தில் சாக்கெட் இல்லையென்றால்?

இதுதான் எங்களுக்கும் பெரிய கவலையாக இருந்தது. டிக்கெட் போட்ட உடனேயே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். சிறப்புத் தேவைகளுக்கு என்று ஒரு படிவம் இருக்கும், அதில் சிபாப் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டும், ஈரப்பதப் பெட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். அவர்களே கப்பலுக்கு ஏற்ற ஒயரைக் கேபினில் வைத்துவிடுவார்கள். நீங்கள் கொண்டுபோகும் ஒயர் பறிபோகும், அவர்கள் தருகிற ஒயரில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்பா கேபினில் நாங்கள் போனபோதே கட்டில் காலடியில் சுருட்டி வைத்திருந்தார்கள், அம்மா அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தார்.

மெஷினை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். கப்பலில் ஏறும்போதும் பெரிய பெட்டிகளோடு கொடுக்காதீர்கள், அவை கேபினுக்கு வர மாலைகூட ஆகிவிடும். டாக்டர் சீட்டு ஒரு நகல் பையில் இருக்கட்டும். இந்த மெஷினின் ப்ளக்கை வேறு எதனோடும் பங்கு போடாதீர்கள், அதற்கு ஒரு சாக்கெட் முழுசாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மற்றதைப் பாருங்கள்.

பவர் பேங்க் எத்தனை கொண்டுபோகலாம்?

கப்பலைவிட விமானத்தில்தான் இதற்குக் கெடுபிடி. பவர் பேங்க் கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. 100 வாட்-மணி நேரம்வரை தனி அனுமதி வேண்டாம், 100இலிருந்து 160வரை விமான நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் இல்லை. எம்ஏஎச்சை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. அச்சு அழிந்துபோன பவர் பேங்கை எடுத்துப் போகாதீர்கள், எண் தெரியவில்லை என்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. அதனால் வீட்டிலேயே ஃபோனை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

கப்பலில் ஆளுக்கொன்று தேவையில்லை. குடும்பத்துக்கு 10,000இல் ஒன்றோ இரண்டோ போதும். பினாங்கில் இறங்கிச் சுற்றுகிற நாளில், படமும் வரைபடமும் பார்த்துப் பார்த்து மதியத்துக்குள் ஃபோன் காலியாகிவிடும், அன்றைக்கு அதன் அருமை தெரியும்.

கப்பலில் ஃபோன் சார்ஜ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்குகிறது, ஏன்?

டவரைத் தேடித் தேடிக் களைக்கிறது. மலாக்கா நீரிணையில் போகும்போது ஒரு பக்கம் மலேசியா, ஒரு பக்கம் இந்தோனேசியா, சிக்னல் வரும் போகும். கரையை விட்டு விலகியதும் கப்பலின் சொந்த சாட்டிலைட் நெட்வொர்க் ஃபோனைப் பிடித்துக்கொள்ளும், அதில் ரோமிங் கட்டணம் கடுமையாக இருக்கும். கப்பல் கிளம்பியதும் ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். இன்டர்நெட் பேக்கேஜ் வாங்காவிட்டாலும் கப்பலின் ஆப் பெரும்பாலும் அந்த வைஃபையில் வேலை செய்யும், நிகழ்ச்சி நேரம், சாப்பாட்டு மெனு எல்லாம் அதில்தான். பணமும் மிச்சம், சார்ஜும் மிச்சம். நான் இதைச் செய்த இரண்டாம் நாள், காலையில் நூறாக இருந்தது ராத்திரி ஒன்பது மணிக்கும் 60க்கு மேல் நின்றது.

ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

திறந்த மேசையில், நல்ல சார்ஜரில் என்றால் போடலாம். மெத்தையில், தலையணைக்கு அடியில், போர்வைக்குள் கூடாது. வீட்டிலும் கூடாதுதான், கப்பலில் இன்னும் கூடாது. 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள், எல்லோரும் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அதற்கு மேலே இருந்த தளத்தில் தீ தொடங்கிய பகுதியில் ஃபோன், கேமரா பேட்டரி எல்லாம் சார்ஜில் இருந்தன. இதனால்தான் பற்றியது என்று விசாரணையில் உறுதியாகவில்லை, ஆனால் அதே மாதத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆளில்லாமல் லித்தியம் பேட்டரி சார்ஜ் போடுவதைக் குறைக்கச் சொன்னது. பயணக் கப்பல்களில் புகை உணரும் கருவி, தண்ணீர் தெளிப்பான், ரோந்து எல்லாம் உண்டு, அந்தச் சின்னப் படகோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் உப்பிய பேட்டரி, தொட்டால் சுடுகிற சார்ஜர், மலிவாகக் கிடைத்த பெயர் தெரியாத கேபிள் மூன்றையும் கப்பலுக்கு எடுத்து வராதீர்கள். எது சார்ஜில் இருந்தாலும் வாசனை வித்தியாசமாக வந்தால் தயங்காமல் வரவேற்பறைக்கு ஃபோன் செய்யுங்கள், நடு ராத்திரி என்று பார்க்க வேண்டாம்.

சின்ன ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி?

மூன்றும் கூடாது. தண்ணீரில் போட்டுச் சூடு பண்ணும் ராடும் கூடாது. குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் வேண்டுமென்றால் கேளுங்கள், கொண்டுவந்து தருவார்கள், ஃப்ளாஸ்க் ஒன்று கையில் இருந்தால் ராத்திரிக்கும் ஆகும்.

சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலிலும் இதே கதைதானா?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் கிளம்பத் தொடங்கியது. 2023 ஜூனில் அதுவே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. அந்தக் கப்பல் பிரான்ஸில் கட்டப்பட்டு 1990இல் கடலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் நம் யார் பையிலும் செல்ஃபோன் இல்லை. அந்த வயதுக் கப்பல்களின் கேபின், ஒரு ஹேர் டிரையரும் ஒரு ஷேவரும் போதும் என்று நினைத்துக் கட்டியது. இடையில் புதுப்பித்திருப்பார்கள், ஆனாலும் பழைய கப்பல் எதில் போனாலும் சாக்கெட் எத்தனை, எந்த வகை என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், அதற்கேற்ப அடாப்டரை எடுத்து வைக்கலாம்.

இத்தனை ஒயரும் சின்ன அறையில் காலில் தட்டாதா?

தட்டும், அதுவும் ராத்திரி இருட்டில் அம்மா மாதிரிப் பெரியவர்கள் எழுந்து நடக்கும்போது ஆபத்து. ஒரு நல்ல வழி இருக்கிறது. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் அதில் ஒட்டும். கொக்கி வைத்த காந்தம் நான்கைந்து எடுத்துப் போங்கள், கேபிளைத் தரையில் விடாமல் மேசை ஓரமாகச் சுவரிலேயே தூக்கி மாட்டிக்கொண்டு போகலாம். ஒரு துணிப் பையையும் அதில் தொங்கவிட்டால் வாட்ச், இயர்பட்ஸ் எல்லாம் ஆடி விழாமல் கிடக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தத்தை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

கப்பலில் கரண்டே போய்விட்டால்?

அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2013 பிப்ரவரி 10 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ஃப் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்து, 4,200 பேருக்கு மேல் இருந்த கப்பல் மின்சாரம் இழந்து நின்றது. இழுவைப் படகுகள் இழுத்து நான்கு நாள் கழித்து அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தன. அவசர ஜெனரேட்டர் விளக்கு, தகவல் தொடர்பு போன்ற முக்கியமானவற்றுக்குத்தான், கேபின் சாக்கெட்டுக்கு வராது. அதனால் ஒரு பவர் பேங்கை எப்போதும் நிரப்பித் தொடாமல் வைத்திருங்கள். சிபாப் இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் அதற்கென்று வரும் தனி பேட்டரி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இறங்கும் நாளில் எதை மறக்கிறார்கள்?

சார்ஜரைத்தான். கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், அதில் சார்ஜரையும் பவர் பேங்கையும் போட்டுவிடாதீர்கள், காலையில் ஃபோன் செத்துப்போய் நிற்கும். கைப்பையிலேயே இருக்கட்டும். கேபினை விட்டுக் கிளம்பும்முன் ஒருவர் தலைமாடு, ஒருவர் டிவியின் பின்பக்கம், ஒருவர் இழுப்பறை என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சின்னவன் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து என் வாட்ச் சார்ஜரை எடுத்துக் கொடுத்தான்.

ஏறும்போது வாங்கி வைத்த சாமான் இருந்தால் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போகும் வழியில் ஒரு மேசையில் எண் வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த இடம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், கூட்டத்தில் தாண்டிப்போய்விட்டால் திரும்ப உள்ளே வருவது கஷ்டம். அப்பா சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார், ஸ்பைக் பஸ்டர் திரும்பக் கிடைத்தது. இப்போது திருச்சி வீட்டில், பழைய இடத்தில், டிவிக்குக் கீழே சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருக்கிறது.